வயிற்றுக் கிருமியும் விழித்திரைக்கு அடியில் கோத்த நீரும்

இந்தக் குறிப்பு ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா கண்ணின் விழித்திரையைக் கெடுக்குமா? "கெடுக்கும், கிருமியை ஒழிச்சா பார்வை திரும்பும்" என்கிறது ஒரு தரப்பு. "அதெல்லாம் சும்மா, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கத்து ஆய்வுகளையும் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கண் நோய்

நோயின் பெயர் சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. நம்மூர் கண் டாக்டர்கள் சுருக்கமாக சி.எஸ்.ஆர். என்பார்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு கண்ணின் நடுவில் மட்டும் திடீரென்று சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு மறைப்பு வரும். கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தெரியும். அந்தக் கண்ணால் பார்த்தால் பொருட்கள் கொஞ்சம் சிறுத்திருக்கும், நிறங்கள் வெளிறியிருக்கும். வலி கிடையாது, கண் சிவக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதற்கும் அடியில் கோராய்டு என்ற ரத்தக்குழாய் மெத்தை. கோராய்டின் குழாய்கள் வீங்கி நீரைக் கசியவிடும்போது, நிறமி அடுக்கு அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். ஓரிடத்தில் அது தோற்றுவிட்டால் நீர் மேலே ஏறி விழித்திரையைக் கொப்புளம் மாதிரி தூக்கிவிடும். நிலத்தடி நீர் ஏறி ஓதம் வந்து தரையில் டைல்ஸ் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதை. பிரச்சினை டைல்ஸில் இல்லை, அடியில் இருக்கிறது.

1866-இல் பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே என்ற புகழ்பெற்ற கண் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். நூறு வருடம் கழித்து, 1967-இல், அமெரிக்காவின் டொனால்ட் காஸ் சாயம் ஏற்றி எடுத்த ஆஞ்சியோகிராம் படங்களைக் கொண்டு நீர் கோராய்டிலிருந்துதான் வருகிறது என்று விளக்கினார். இப்போது ஓ.சி.டி. ஸ்கேனில் சில நிமிடங்களில் அந்த நீர்க் கொப்புளத்தைப் பார்த்துவிடலாம்.

இந்த நோயைப் பற்றி இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, இது பெரும்பாலும் ஆண்களுக்கு வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் நீண்ட காலம் எடுத்த கணக்கில், வருடத்துக்கு ஒரு லட்சம் ஆண்களில் 9.9 பேருக்கும், ஒரு லட்சம் பெண்களில் 1.7 பேருக்கும் வந்திருந்தது. இரண்டு, முதல் தடவை வருகிற சி.எஸ்.ஆர். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றிவிடும். ஆனால் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும், சிலருக்கு வற்றாமலே தங்கிவிடும். அவர்களுக்குத்தான் பார்வை நிரந்தரமாகக் கெடுகிறது.

வயிறு எப்படி உள்ளே வந்தது?

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போக வேண்டும். 1980-கள் வரை வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: டென்ஷன், காரம், நேரத்துக்குச் சாப்பிடாதது. ஆசிட் இருக்கும் இடத்தில் கிருமி வாழாது என்பது பாடப்புத்தக உண்மை. பெர்த்தில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், வயிற்றுத் திசுக்களில் சுருள் வடிவ பாக்டீரியாக்களை 1979-இலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது, வழக்கமாக இரண்டே நாளில் தூக்கிப்போடப்படும் வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே கிடந்ததால்தான் அந்தக் கிருமி முதல் முறையாக வளர்ந்து கண்ணில் பட்டது.

ஆசிடில் அது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றிலும் இருக்கும் அமிலத்தை முறித்துவிடுகிறது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டு பரிசோதித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இப்ப கண்ணுக்குத் திரும்புவோம். 1987-இல் நியூயார்க்கின் லாரன்ஸ் யனுஸி, சி.எஸ்.ஆர். நோயாளிகளில் 'டைப் ஏ' குணம் கொண்டவர்கள் அதிகம் என்று எழுதினார். அதாவது எப்போதும் அவசரம், போட்டி மனப்பான்மை, சுள்ளென்று கோபம். அன்றிலிருந்து "டென்ஷன் பார்ட்டிகளுக்கு வரும் கண் நோய்" என்று இதற்குப் பெயரே ஆகிவிட்டது.

ஒற்றுமை தெரிகிறதா? ஒரு நோய்க்கு டென்ஷனைக் காரணம் சொன்னார்கள், கடைசியில் கிருமி பிடிபட்டது. இன்னொரு நோய்க்கும் டென்ஷனைச் சொல்கிறார்கள். அப்போ அங்கேயும் அதே கிருமி இருக்குமோ? இத்தாலி, பிரான்ஸ் மருத்துவர்கள் 2000-க்குப் பிறகு இந்தக் கோணத்தில் தேட ஆரம்பித்தார்கள். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பெர்த் கதையின் கவர்ச்சி அதிகம். ஒரு முறை அப்படி நடந்துவிட்டதால் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும் என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று 2006-இல் இத்தாலியிலிருந்து வந்தது. சி.எஸ்.ஆர். உள்ளவர்கள் 23 பேர், இல்லாதவர்கள் 23 பேர். நோயாளிகளில் 78.2 சதவீதம் பேரிடமும், மற்றவர்களில் 43.5 சதவீதம் பேரிடமும் கிருமி இருந்தது. சதவீதத்தை ஆட்களாக மாற்றினால் 18 பேர், 10 பேர். வித்தியாசம் எட்டே எட்டு பேர். பின்னர் 2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பாய்வும், இந்தக் கிருமி இருப்பவர்களிடம் சி.எஸ்.ஆர். ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் காணப்படுவதாகச் சொன்னது.

ஆக, தொடர்பே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் "மூன்று மடங்கு", "நான்கு மடங்கு" என்ற சொற்களைக் கேட்டதும் பயப்படுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

ஒரு லட்சம் ஆண்கள். உலக மக்கள்தொகையில் பாதிப் பேரிடம் இந்தக் கிருமி இருந்துவந்திருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் 50,000 பேரிடம் கிருமி, 50,000 பேரிடம் இல்லை. மினசோட்டா கணக்குப்படி வருடத்துக்குப் புதிதாக சுமார் 10 சி.எஸ்.ஆர். இத்தாலிய ஆய்வு காட்டிய உறவு முழுவதும் உண்மை, கிருமிதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் எட்டு பேர் கிருமி உள்ளவர்கள், இரண்டு பேர் இல்லாதவர்கள் என்று வரும். அதாவது கிருமியைச் சுமக்கும் 50,000 பேரில் 49,992 பேருக்கு அந்த வருடம் கண்ணில் ஒன்றுமே ஆகாது. கிருமி தன்னந்தனியாக இந்த நோயைக் கொண்டுவருவதில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. அதிகபட்சம், ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு கோராய்டை அது கொஞ்சம் தள்ளிவிடலாம்.

ஆண் பெண் கணக்கையும் பாருங்க. கிருமி ஆண்களையும் பெண்களையும் ஏறக்குறைய சமமாகத்தான் பிடிக்கிறது. நோயோ ஆண்களுக்கு ஆறு மடங்கு. இந்த ஆறு மடங்கை விளக்கும் சக்தி கிருமிக்கு இல்லை. வேறு எதுவோதான் முக்கியக் காரணம்.

இந்தியா மாதிரி நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே இந்தக் கிருமி சிறுவயதிலேயே, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அது இருக்கும்போது, ஒரு சி.எஸ்.ஆர். நோயாளிக்குப் பரிசோதித்து "பாசிட்டிவ்" என்று வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், கண் நன்றாக இருப்பவருக்குப் பார்த்தாலும் பாசிட்டிவ் வரத்தான் வாய்ப்பு அதிகம்.

கிருமியை ஒழித்தால் கண் சரியாகிறதா?

அல்சர் விஷயத்தில் உலகத்தை நம்ப வைத்தது மார்ஷல் குடித்த கரைசல் மட்டும் இல்லை. 1988-இல் அவர்கள் வெளியிட்ட மருந்துச் சோதனை அதைவிட முக்கியம். சிறுகுடல் தொடக்கத்தில் புண் உள்ள 100 பேரை எடுத்து, யாருக்கு எந்த மருந்து என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்தினார்கள். கிருமி ஒழிந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது 21 சதவீதம் பேருக்கு. கிருமி ஒழியாதவர்களில் 61 சதவீதம் பேருக்கு ஆறியது, ஆனால் 84 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்துவிட்டது. 21-க்கும் 84-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

இதே அளவுகோலைக் கண்ணுக்கு வைத்துப் பார்ப்போம். 2011-இல் ஈரானிலிருந்து வந்த ஆய்வில், சி.எஸ்.ஆரும் கிருமியும் சேர்ந்து இருந்தவர்களில் 25 பேருக்குக் கிருமி ஒழிப்பு மருந்து கொடுத்தார்கள், 25 பேருக்குக் கொடுக்கவில்லை. மருந்து எடுத்தவர்களுக்கு நீர் வற்ற சராசரியாக 9.3 வாரம் ஆனது. எடுக்காதவர்களுக்கு 11.6 வாரம். வித்தியாசம் சுமார் பதினாறு நாள். 2013-இல் சீனாவில் 53 பேரிடம் நடந்த ஆய்வில் பார்வைக் கூர்மையிலும் நீர் வற்றுவதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விழித்திரையின் ஒளி உணர்திறனில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது.

முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டாவது விஷயம் இங்கேதான் வருகிறது. தானாகவே மூன்று நான்கு மாதத்தில் வற்றுகிற நோய் இது. அதற்கு எந்த மருந்து கொடுத்தாலும் "மருந்து சாப்பிட்டேன், சரியாயிடுச்சு" என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். கஷாயம் குடித்தவரும் சொல்வார், ஆன்டிபயாடிக் எடுத்தவரும் சொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத கூட்டம் ஒன்று இல்லாவிட்டால் அந்த அனுபவத்துக்கு மதிப்பு குறைவு. உண்மையில் தெரிய வேண்டியது, கிருமியை ஒழித்தால் நோய் திரும்ப வருவது குறைகிறதா என்பதுதான். அல்சரில் வழக்கை முடித்துவைத்த கேள்வி அது. கண் பக்கத்தில் 21-க்கு 84 மாதிரி ஒரு பதில் இன்னும் நம் கையில் இல்லை.

இதே கிருமியின் பெயர் வயிற்றுக்கு வெளியே வேறு சில நோய்களிலும் அடிபட்டிருக்கிறது. காரணம் தெரியாமல் ரத்தத் தட்டணுக்கள் குறையும் ஐ.டி.பி. என்ற நோயில், கிருமியை ஒழித்தால் சிலருக்குத் தட்டணு ஏறுவதை 1998-இல் இத்தாலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். இன்று ஐ.டி.பி. இருந்தால் இந்தக் கிருமிக்குப் பரிசோதியுங்கள் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்கின்றன. காரணம் பிடிபடாத இரும்புச்சத்துக் குறைவுக்கும் அதே அறிவுரை. ஆகவே வயிற்றுக் கிருமி தூரத்து உறுப்பைத் தொடும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவை பரீட்சை எழுதிப் பாஸானவை. சி.எஸ்.ஆர். இன்னும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

வழி ஒன்று இருக்க முடியுமா?

கிருமி கண்ணுக்குள் போய் உட்காருவதாக இந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவர்கள் முன்வைக்கும் ஊகம் வேறு. வயிற்றில் பல வருடமாக நடக்கும் அழற்சி, ரத்தத்தில் சில அழற்சிப் பொருட்களைக் கலந்துவிடுகிறது. கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள், ஆள் மாறாட்டத்தில் ரத்தக்குழாயின் உட்சுவரையும் தாக்கலாம். கோராய்டு உடம்பிலேயே ரத்த ஓட்டம் மிக அதிகமான திசுக்களில் ஒன்று, அதனால் அங்கே பாதிப்பு முதலில் தெரியலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடக்கக்கூடிய வழி ஒன்று இருப்பதும் அந்த வழியில் நடந்திருப்பதும் ஒன்றல்ல.

வழி எதிர்த்திசையிலும் இருக்கலாம். டென்ஷனில் இருப்பவர் இரவில் தூங்குவதில்லை, வயிறு எரிகிறது, டாக்டரிடம் போகிறார், கிருமிக்குப் பரிசோதனை நடக்கிறது, பிடிபடுகிறது. அவருக்கே கண்ணிலும் நீர் கோக்கிறது. இரண்டும் ஒருவரிடம் இருக்கின்றன என்பதால் ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது.

கேட்க மறந்துபோகிற கேள்வி

இவ்வளவு நீளமாக எழுத வைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். சி.எஸ்.ஆருக்கு மிக உறுதியாகத் தெரிந்த, நம்மால் நிறுத்தக்கூடிய ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கிறது. அது ஸ்டீராய்டு. 2004-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 312 நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஸ்டீராய்டு பயன்பாட்டுக்கு இருந்த தொடர்பு மற்ற எல்லாவற்றையும்விட மிக மிக வலுவாக இருந்தது. டென்ஷன் கதைக்கும் இது பொருந்துகிறது, ஏனென்றால் மன அழுத்தத்தில் உடம்பே சுரக்கும் கார்டிசால் ஒரு ஸ்டீராய்டுதான்.

மாத்திரையாக எடுத்தால் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மூட்டில் போட்ட ஊசி, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலர், அலர்ஜிக்கான மூக்கு ஸ்ப்ரே, தோலில் தடவும் களிம்பு என்று எல்லா வழியிலும் சி.எஸ்.ஆர். வந்ததாகப் பதிவுகள் உண்டு. நம்மூரில் இதைக் கேட்டுப் பெறுவது அத்தனை சுலபமில்லை. "ஸ்டீராய்டு எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். முகம் வெளுக்க மருந்துக்கடையில் வாங்கிய க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முட்டிவலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடியில் அது கலந்திருக்கலாம் என்று தோன்றாது. மழைக்காலம் முழுக்க அடித்த மூக்கு ஸ்ப்ரேயை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கிருமிக் கதையில் நான் பார்க்கும் ஆபத்து இதுதான். "வயித்துல கிருமி இருந்துச்சு, அதான் கண்ணுக்கு வந்துச்சு" என்று ஒரு பதில் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. பதினான்கு நாள் மருந்து சாப்பிடுகிறார். நீர் தானாக வற்றுகிறது. க்ரீம் தொடர்கிறது. ஆறு மாதத்தில் திரும்ப வருகிறது.

அந்தப் பதினான்கு நாள் மருந்தும் சாதாரணமில்லை. ஆசிட் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக், பல சமயம் அதில் ஒன்று கிளாரித்ரோமைசின். இது கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடும். இன்ஹேலரிலும் மூக்கு ஸ்ப்ரேயிலும் இருக்கும் சில ஸ்டீராய்டுகள் அந்த நொதியால்தான் சிதைகின்றன. நொதி முடங்கினால் அவை ரத்தத்தில் ஏறும். கண்ணைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து, கண்ணுக்கு ஆகாததை ஏற்றிவிடுகிறது! இன்னொன்று: சி.எஸ்.ஆருக்கு எப்ளெரினோன் என்ற மாத்திரையைச் சில இடங்களில் கொடுத்துவந்தார்கள். 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. இன்னும் யாராவது அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதோடு கிளாரித்ரோமைசின் சேரவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

அப்போ என்னதான் செய்வது?

படித்தவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை.

சி.எஸ்.ஆர். என்று சொல்லிவிட்டால், கடந்த ஆறு மாதத்தில் உடம்புக்குள் போனது, உடம்பின் மேல் தடவியது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். க்ரீம் ட்யூப், ஸ்ப்ரே, பொடி, லேகியம், ஜிம்மில் கொடுத்த டப்பா, எல்லாம்தான். ஆனால் நீண்ட நாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா இன்ஹேலரும் அப்படித்தான். எழுதிக்கொடுத்த டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

நெஞ்செரிச்சல், வயிற்றுவலி, பழைய அல்சர், குடும்பத்தில் வயிற்றுப் புற்றுநோய் இதில் ஏதாவது இருந்தால் கிருமிக்குப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று வகைப்படுத்திவிட்டது. இருந்தால் ஒழிப்பது வயிற்றுக்கு லாபம். கண்ணுக்கும் ஏதாவது கிடைத்தால் அது உபரி.

பரிசோதிப்பதாக இருந்தால் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்புப் புரதம், எப்போதோ வந்துபோன தொற்றையும் காட்டும். ஆசிட் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் எடுக்காமல் இருந்த பிறகு பார்த்தால்தான் முடிவை நம்பலாம். மருந்து முடித்து ஒரு மாதம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடி பார்ப்பதும் அவசியம். நம் நாட்டில் இந்தக் கிருமிக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு கணிசமாக உண்டு.

நீர் நான்கு மாதத்துக்கு மேல் தங்கினால் வயிற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பாதி அளவு மருந்து ஏற்றிச் செய்யும் ஒளிச் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது, விழித்திரை நிபுணரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

இருபத்தைந்து பேருக்குப் பதில் சில நூறு பேரை எடுத்து, இரண்டு வருடம் தொடர்ந்து, எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று எண்ணும் ஒரு ஆய்வு வந்தால் இந்தக் குறிப்பை மாற்றி எழுதச் சந்தோஷப்படுவேன். அதுவரை, கிருமியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் க்ரீமைப் பற்றிக் கேளுங்கள்.